இருபத்து மூன்று என்று சொன்னேன்

பிப்ரவரி 4, திங்கள். தூத்துக்குடி

விடியற்காலை போன் வந்தது. பொலிவியாவிலிருந்து ஹிலாரி என்ற குருவானவர் பேசினார். குளச்சல்காரர். என் மகன் வளனரசு குருவானவராக இருக்கும் சபையிலேயே, அதே நாட்டிலேயே இருக்கிறார். மழையில் மண் ரோட்டில் ஜீப் கவிழ்ந்து வளன் இறந்துவிட்டதாகச் சொன்னார். வண்டியில் வேறு யாரும் இல்லை. முகத்தில் அடி இல்லை. இதை மட்டும் இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

ஏழு மணிக்குக் கல்கத்தா சாக்கு லோடு வந்தது. கூடவே நின்று இறக்கினேன். ஈரம் பட்ட கட்டுகளைத் தனியாக வைக்கச் சொன்னேன். ஆட்களிடம் விஷயத்தைச் சொல்லவில்லை. சொன்னால் வேலை நின்றுவிடும், லாரிக்காரன் கத்துவான்.

பிறகு வீட்டுக்குப் போய்க் கனகத்திடம் சொன்னேன். அவள் மீன் அலசிக்கொண்டிருந்தாள். கையைத் துடைக்காமல் நின்றாள்.

"எப்பக் கொண்டு வருவிய?"

"நான் போய்க் கொண்டு வாறேன்."

"நான் முகத்தப் பாக்கணும். மூடிக் கொண்டு வந்திரப் புடாது."

எனக்கு டாக்காவுக்கும் கொழும்புக்கும் போய்வந்த பாஸ்போர்ட் இருக்கிறது. அவளுக்கு இல்லை. மதுரைக்கு அப்பால் அவள் போனதில்லை. ஒரே பிள்ளை வெளிநாடு போனபோதுகூட மெட்ராஸ் வரை வரவில்லை, வீட்டு வாசலோடு சரி.

சாயங்காலம் இன்னொன்று சொன்னாள். "அங்க வச்சு செபம் பண்ணும்போது சங்கீதம் இருபத்து மூணு பாடச் சொல்லுங்க. பாடாம எம்பிள்ளைய அனுப்பப் புடாது."

கனகம் நாசரேத் பக்கத்து சி.எஸ்.ஐ. வீட்டுப் பெண். என்னைக் கட்டிக்கொண்டு ஆர்.சி.க்கு வந்தவள். பூசை, செபமாலை எல்லாம் பழகிவிட்டாள். சங்கீதப் பழக்கம் மட்டும் போகவில்லை. அவர்கள் வீட்டில் பைபிளில் உள்ள சங்கீதங்களை நம்பர் சொல்லித்தான் பேசுவார்கள். காய்ச்சல் என்றால் தொண்ணூற்றொன்று, பயணம் என்றால் நூற்றிருபத்தொன்று. சாவு வீட்டுக்கு இருபத்து மூன்று, மேய்ப்பன் சங்கீதம்.

சரி என்றேன். மீனைக் குழம்பு வைத்தாள். இரண்டு பேரும் சாப்பிட்டோம்.

பிப்ரவரி 5, செவ்வாய்

டிக்கெட் எடுத்தாயிற்று. குடோன் சாவியை மேனேஜர் பொன்ராஜிடம் கொடுத்தேன். ஈரக் கட்டுகளை வெயிலில் பிரித்துப் போடச் சொன்னேன்.

பிப்ரவரி 7, வியாழன்

மூன்று விமானம். சாப்பாடு கொடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். வாங்கித் தின்கிறேன்.

பிப்ரவரி 8, வெள்ளி. சாந்தா குரூஸ்

பெரிய ஊர். புழுக்கம் நம்ம ஊர் போலத்தான். ஹிலாரி சாமி விமான நிலையத்துக்கு வந்திருந்தார். எங்கள் பக்கம் குருவானவர்களைச் சாமி என்றுதான் கூப்பிடுவோம். சின்ன வயசு, வளனைவிட இரண்டு மூன்று வயது குறைவாக இருக்கும். என்னை அப்பா என்றார்.

நேராகப் பிணவறைக்குப் போனோம். பெட்டியைப் பார்த்தேன். உள்ளே தகரம் அடித்து, முகம் தெரியும் இடத்தில் கண்ணாடி வைத்து மூடியிருக்கிறார்கள். விமானத்தில் ஏற்ற அப்படித்தான் வேண்டுமாம். வேலை சுத்தமாக இருந்தது. பற்றவைத்த ஓரங்களைத் தடவிப் பார்த்தேன். பெயர் எழுத்து சரியாக இருக்கிறதா என்று பார்த்தேன். வளனரசு சவரிராயன். சரியாக இருந்தது.

வெளியே வந்து டீ குடித்தோம். ஹிலாரி சாமிக்குக் கண் சிவந்திருந்தது.

"அப்பா, உள்ள வச்சு நீங்க ஏதோ சொன்னீங்க."

"நானா? ஒண்ணும் சொல்லலையே."

"'ஏல, எந்திரில' ணு ரெண்டு மூணு தடவை சொன்னீங்க."

சொன்னதாக எனக்கு நினைவில்லை. சொல்லியிருக்க முடியாது. வளனுக்குக் குருப்பட்டம் கொடுத்த அன்று எல்லாப் பெற்றோரையும்போல நானும் முழங்காலில் நின்று அவன் உள்ளங்கையை உதட்டில் வைத்து முத்தி செய்து ஆசீர்வாதம் வாங்கினேன். அன்றோடு 'ஏல' போயிற்று. லீவில் வந்தால் "வாங்க சாமி, சாப்பிடுங்க சாமி" என்றுதான் பேசுவேன். "அப்பா, சும்மா பேரைச் சொல்லுங்க" என்பான். முறை என்று ஒன்று இருக்கிறது. பன்னிரண்டு வருஷமாக அப்படித்தான்.

சபையின் பெரியவரைப் பார்த்தோம். இறந்த இடத்திலேயே அடக்கம் செய்வதுதான் அவர்கள் வழக்கம். பெற்றவர்கள் கேட்டால் தடை சொல்வதில்லை என்றார். கேட்டேன். கையெழுத்துப் போட்டார். வியாழக்கிழமை விமானத்தில் பெட்டிக்கு இடம் கிடைத்தது.

பிப்ரவரி 9, சனி

வளன் பங்குச்சாமியாக இருந்த சான் இசித்ரோ என்ற ஊரிலிருந்து மூன்று பேர் பஸ் ஏறி வந்தார்கள். பேசியது ஒருத்திதான். பெயர் எலியோதோரா, தோன்யா எலியோ என்கிறார்கள். தோன்யா என்றால் அம்மா, அக்கா மாதிரி மரியாதைச் சொல். அறுபது வயது இருக்கும், கட்டையான உருவம், தலையில் வைக்கோல் தொப்பி. சந்தையில் அரிசி, சோளக் கடை. கோவில் பாடல் குழுவுக்கும் அவள்தான் தலைவி. என் பெயர் சவரிராயன் என்பது சவேரியார், அவர்கள் மொழியில் ஹவியேர், என்று ஹிலாரி சாமி சொன்னதும் என்னை 'தோன் ஹவியேர்' ஆக்கிவிட்டாள். வளன் அவர்கள் வாயில் பாலான், சாமியைப் பாத்ரே என்பார்கள். பாத்ரே பாலான்.

அவள் பேச்சை ஹிலாரி சாமி தமிழில் சொல்லச் சொல்ல நான் பதில் சொன்னேன்.

"பாத்ரே பாலானை எங்களுக்குக் குடுத்துடுங்க, தோன் ஹவியேர். கோவில் பக்கத்துல நல்ல இடம் இருக்கு."

"முடியாது. வீட்டுல அவன் அம்மா காத்திருக்கா."

"எங்க ஊர்லயும் அம்மாமார் நிறையப் பேர் இருக்கோம்."

"பெத்தவ ஒருத்திதான்."

அவள் தட்டில் இருந்த ரொட்டியை எடுத்துத் தின்றாள். பிறகு, "அப்படின்னா ஒன்பது நாள் எங்க ஊர்ல வச்சு செபம் பண்ணிட்டு அனுப்புறோம்" என்றாள்.

"ஒரு பூசை."

"ஒன்பது நாள் எங்க வழக்கம்."

"வியாழக்கிழமை விமானம்."

"சரி, நாலு நாளாவது. போற பாதையில சேறு, ஒரு நாள் அதுலயே போயிடும்."

"புதன் காலையில ஒரு பூசை. பூசை முடிஞ்ச உடனே வண்டி கிளம்பும்."

நடுவில் நின்ற ஹிலாரி சாமிக்கு வேர்த்துவிட்டது. எங்கள் இருவருக்கும் வேர்க்கவில்லை. கடைசியில் புதன் காலை என்று முடிந்தது. எலியோ எழுந்து என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு ஏதோ சொல்லிச் சிரித்தாள்.

"என்ன சொல்றா?"

"அப்பன் மாதிரியே பிள்ளைணு சொல்லுதா. ஊர்க் கிணத்துக்கு மோட்டார் வாங்கும்போது வளன் பேசின பேச்சுல கடைக்காரன் அழுதுட்டானாம்."

இது எனக்குத் தெரியாது. பேரம் பேச அவனுக்கு வராது என்று நினைத்திருந்தேன். படிப்பில் மட்டும் கெட்டி, கடைக்கு ஆகமாட்டான் என்று நானே பலரிடம் சொல்லியிருக்கிறேன்.

பிப்ரவரி 10, ஞாயிறு. சான் இசித்ரோ

வளனின் சாமான்களை எடுக்க எலியோவோடு நான் முன்னால் வந்துவிட்டேன். பாக்கிக் காகிதங்களை முடித்துக்கொண்டு செவ்வாய்க்கிழமை ஹிலாரி சாமி பெட்டியோடு வருவார்.

காலையில் வண்டிக்குக் காத்திருந்தபோது ஹிலாரி சாமி இந்த ஊர்க்காரர்களின் பாட்டைப் பற்றிச் சொன்னார். அறுபது வருஷத்துக்கு முன்னால் இங்கே இருந்த ஒரு ஸ்பெயின் தேசத்துச் சாமியார் சங்கீதங்களை ஸ்பானிஷ் பாட்டாகக் கட்டி, வயலினும் மேளமும் வைத்துப் பாடப் பழக்கிவிட்டாராம். ஒரே ஒரு பாட்டுப் புத்தகம். சங்கீத நம்பர்தான் பாட்டு நம்பர். ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை. முதல் மழைக்கு ஒன்று, வீட்டுக்குக் கால் நடும்போது ஒன்று, பிள்ளை பிறந்தால் ஒன்று. சாவு என்றால் செத்தவரின் வீட்டார்தான் வந்து நம்பர் சொல்ல வேண்டும். அவர்கள் வாயால் சொல்லாமல் பாட மாட்டார்களாம்.

எங்கள் மாமனார் வீட்டுக்குத் தோதான ஊர் என்றேன்.

"இன்னொண்ணு கேளுங்கப்பா. இங்க புருஷன் பெண்டாட்டியே 'நீங்க'ணுதான் பேசுவாங்க. பிள்ளையக்கூட 'நீங்க'ம்பாங்க. கடவுளை மட்டும்தான் 'நீ'ணு பாடுவாங்க."

"அது மரியாதை இல்லையே."

"அப்படி இல்லப்பா. கிட்டத்துல இருக்கவங்களத்தான 'நீ'ங்கோம்."

வண்டி வந்துவிட்டது. வழி முழுக்கச் சேறு. ஒரு வளைவில் எலியோ சிலுவை போட்டுக்கொண்டாள். டிரைவரும் போட்டான். வண்டி நிற்கவில்லை. நான் எதிர்ப் பக்கம் பார்த்தேன். கரும்புக் காடு.

பிப்ரவரி 11, திங்கள்

வளனின் அறை. ஒரு கட்டில், ஒரு கொசுவலை, நாலு சட்டை. மண் காயாத பூட்ஸ் ஒரு ஜோடி. கனகம் கொடுத்துவிட்ட நார்த்தங்காய் ஊறுகாய் பாட்டில் காலியாக இருந்தது, அதில் ஆணிகள் போட்டு வைத்திருக்கிறான். எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் அடைத்தேன். இடம் மிச்சம் இருந்தது. பூட்ஸை எடுக்கவில்லை. கனம்.

வேலை முடிந்ததும் சந்தைக்கு நடந்தேன். சும்மா இருந்தால் தூக்கம் வருகிறது. எலியோவின் கடையில் அரிசி மூட்டை ஒன்று ஓரத்தில் கிழிந்து ஒழுகிக்கொண்டிருந்தது. இங்கே எல்லாம் பிளாஸ்டிக் சாக்கு, ஒற்றைத் தையல். பார்க்கச் சகிக்கவில்லை. கோணி ஊசியும் நூலும் வேண்டும் என்று கையால் காட்டினேன். கொடுத்தாள். உட்கார்ந்து தைத்தேன். பழைய சாக்கு வாங்கி, தைத்து, தலையில் சுமந்து விற்றுத்தான் நான் கடை வைத்தேன். அந்தத் தையல் இன்னும் கையில் இருக்கிறது. ஒன்றைத் தைத்ததும் இன்னொன்றைக் கொண்டுவந்து போட்டாள். பிறகு இன்னொன்று. பக்கத்துக் கடைக்காரியும் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தாள். எலியோ அவளை ஏதோ திட்டி விரட்டினாள். எல்லா ஊரும் ஒரே சந்தைதான்.

பாட்டு ஞாபகம் வந்தது. வீட்டார் சொல்லாமல் பாட மாட்டார்கள் என்றாரே. ஹிலாரி சாமி வரும்வரை காத்திருக்கலாம்தான். ஆனால் எந்த ஊருக்குப் போனாலும் நான் முதலில் எண்களைக் கற்றுக்கொள்வேன். வங்காளத்திலும் சிங்களத்திலும் எனக்கு எண்களைத் தவிர வேறெதுவும் தெரியாது; அதை வைத்தே வியாபாரம் செய்திருக்கிறேன். ஸ்பானிஷிலும் ஒன்றிலிருந்து நூறுவரை வந்ததுமே கற்றுக்கொண்டேன்.

"பாத்ரே பாலான். சால்மோ வெய்ந்தி த்ரேஸ்" என்றேன். சால்மோ என்றால் சங்கீதம்.

எலியோ அளந்துகொண்டிருந்த படியைக் கீழே வைத்தாள். "வெய்ந்தி த்ரேஸ்?"

"வெய்ந்தி த்ரேஸ்." சந்தேகம் வேண்டாம் என்று விரலையும் காட்டினேன். இரண்டு, மூன்று.

அவள் என் இரண்டு கைகளையும் பிடித்து, ஊசியோடு சேர்த்து, தன் நெற்றியில் வைத்துக்கொண்டு அழுதாள். பக்கத்துக் கடைக்காரியிடம் சத்தமாகச் சொன்னாள். அவளும் அழுதாள். சந்தை பூராவும் செய்தி போயிற்று. ஒரு பாட்டுக்கு இத்தனை கூத்தா என்று நினைத்தேன். இவர்களுக்கு அழுகை சுலபமாக வருகிறது.

பிப்ரவரி 12, செவ்வாய்

ஊரே மாறிவிட்டது. வந்த அன்று முறைத்துப் பார்த்தவர்கள் இன்று வீடு வீடாகக் கூப்பிட்டுக் கோழிச் சூப் கொடுக்கிறார்கள். வாங்கிக் குடித்தேன். ஒரு பெண் தன் பிள்ளையை என் மடியில் வைத்துப் படம் எடுத்துக்கொண்டாள்.

கோவிலை ஒட்டி மதில் சுவருக்குள் நாலு பேர் மண் வெட்டிக்கொண்டிருந்தார்கள். செம்மண், ஈரமாக இருந்தது. மழைத் தண்ணீர் போக வாய்க்கால் வெட்டுகிறார்கள்போல. என்னைக் கண்டதும் தொப்பியைக் கழற்றினார்கள். நானும் தலையாட்டினேன். ஆழமாகத்தான் வெட்டுகிறார்கள், நல்ல வேலை.

இருட்டுமுன் ஹிலாரி சாமி பெட்டியோடு வந்தார். நாளெல்லாம் சேற்றில் வந்ததில் அசந்துபோய், சாப்பிட்டதும் படுத்துவிட்டார். பெட்டியைக் கோவிலுக்குள் வைத்தோம். கண்ணாடியைத் துடைத்தேன்.

பிப்ரவரி 13, புதன்

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

பூசை நல்லபடியாக நடந்தது. ஹிலாரி சாமிதான் நிறைவேற்றினார். கோவில் கொள்ளாத கூட்டம். வெளியே வண்டி தயாராக நின்றது. கனகத்துக்கு வீடியோ கால் போட்டு வைத்திருந்தேன். அங்கே சாயங்காலம். தலையில் முக்காடு போட்டு உட்கார்ந்திருந்தாள்.

பூசை முடிந்ததும் ஆறு பேர் பெட்டியைத் தூக்கினார்கள். எலியோ முன்னால் நின்று கையை உயர்த்தினாள். வயலின் ஆரம்பித்தது, மேளம் சேர்ந்தது, எல்லோரும் பாடினார்கள். துக்கப் பாட்டு மாதிரி இல்லை. கல்யாணத்துக்கு மாப்பிள்ளையை அழைக்கிற வேகம். வண்டி வலது பக்கம் நிற்கிறது. அவர்கள் இடது பக்கம் திரும்பினார்கள். கோவிலைச் சுற்றிக்கொண்டு வருவார்கள் என்று நினைத்துப் பின்னால் போனேன்.

மதில் சுவரில் ஒரு மரக் கதவு. மூடியிருந்தது. பாதிப் பாடகர்கள் கதவுக்கு உள்ளே, பாதிப் பேர் வெளியே. வெளியே இருப்பவர்கள் கேட்பதுபோலப் பாடினார்கள். உள்ளே இருப்பவர்கள் திரும்பக் கேட்டார்கள். இப்படி இரண்டு முறை. பிறகு எல்லாம் நின்றது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

ஹிலாரி சாமி அங்கியோடு கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார்.

"அப்பா, இந்தப் பாட்டு ஆரு கேட்டது?"

"நான்தான். இருபத்து மூணு. மேய்ப்பன் சங்கீதம்."

அவர் முகம் வெளுத்துவிட்டது. "ஐயோ, அப்பா. இவங்க புஸ்தகம் பழைய லத்தீன் கணக்கு. நம்ம கணக்குக்கு ஒரு நம்பர் பின்னால போகும். மேய்ப்பன் பாட்டு இவங்களுக்கு இருபத்து ரெண்டு. இவங்க இருபத்து மூணு நமக்கு இருபத்து நாலு. கல்லறைக்குள்ள கொண்டு போகும்போது பாடுற பாட்டு. வீட்டார் அதைக் கேட்டா, உடலை இந்த மண்ணுக்குக் குடுத்தாச்சுணு அர்த்தம். குழி வெட்டிட்டாங்க. கேட்டவங்கதான் கதவைத் தள்ளணும், அதான் நிக்குதாங்க."

போன் என் கையில்தான் இருந்தது. கனகம் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

"இருபத்து நாலா?" என்றாள். "அது வாசலத் தொறக்கச் சொல்லி ராசா உள்ள வாற பாட்டுல்லா. எம்பிள்ளைய எங்க உள்ள கொண்டு போறாங்க?"

நான் கதவின் கீலைப் பார்த்தேன்.

"ஏங்க. எங்க கொண்டு போறாங்க?"

ஹிலாரி சாமி என் காதருகே வந்தார். "ஒரு வார்த்தை சொல்லுங்கப்பா, நான் நிறுத்திடுதேன். தப்பு நடந்துட்டுதுணு சொன்னா கேப்பாங்க. வருத்தப்படுவாங்க, ஆனா கேப்பாங்க. வண்டி நிக்குது."

பெட்டி என் பக்கத்தில் வந்து நின்றது. போனைக் கண்ணாடி மேல் பிடித்தேன். கனகம் பார்த்தாள். எவ்வளவு நேரம் என்று தெரியாது. யாரும் இருமக்கூட இல்லை.

"காலர் சாஞ்சிருக்கு" என்றாள். "சரி பண்ணி விடுங்க."

"பூட்டியாச்சு, கனகம்."

"தெறங்க. இங்க கொண்டு வந்து தெறங்க. நான் சரி பண்ணுதேன்."

அதோடு சிக்னல் போய்விட்டது. மதில் ஓரத்தில் சிக்னல் கிடையாது.

எலியோ என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் எதுவும் கேட்கவில்லை. அவள் இடத்தில் நான் இருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன். நம்பர் சொன்னது நான். ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை, விரலையும் காட்டியிருக்கிறேன். வாயால் சொன்ன நம்பரை மறுநாள் மாற்றுகிறவனிடம் சந்தையில் எவனும் சரக்கு வாங்க மாட்டான். அதனால் தள்ளினேன். வேறு காரணம் எதுவும் இல்லை.

கதவு கனமாக இல்லை. ஒரு கையாலேயே திறந்தது. மறுபடி மேளம் அடித்தார்கள். பிறகு நடந்ததை எழுத வேண்டியதில்லை, எல்லா ஊரிலும் ஒரே மாதிரிதான். மண் போடும்போது என் கைக்கு முதல் பிடி கொடுத்தார்கள். செம்மண்.

ஹிலாரி சாமி சாயங்காலம் கேட்டார், "மண் போடும்போது நீங்க வளனை என்னமோ கூப்பிட்டீங்களே, அப்பா." நான் எதுவும் கூப்பிடவில்லை என்றேன். "சரி" என்றார்.

பிப்ரவரி 14, வியாழன்

விமானத்தில் பெட்டிக்கு எடுத்த இடத்தை ரத்து செய்தோம். எனக்கு மட்டும் ஒரு டிக்கெட்.

பிப்ரவரி 17, ஞாயிறு. தூத்துக்குடி

டாக்ஸி வாசலில் நின்றதும் கனகம் வந்தாள். என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் வண்டியைப் பார்த்தாள். டிரைவர் டிக்கியைத் திறந்து வளனின் பெட்டியை இறக்கினான். அது சின்னப் பெட்டி. உள்ளே போய்விட்டாள்.

சாப்பாடு போட்டாள். சொந்தக்காரர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். "அங்கயே அடக்கம் பண்ணியாச்சாமே, சாமியாருங்களுக்கு அதுதான் முறை" என்று அவர்களாகவே சொல்லிக்கொண்டார்கள். நான் மறுக்கவில்லை.

பிப்ரவரி 18, திங்கள்

குடோன். ஈரக் கட்டுகளை பொன்ராஜ் சரியாகக் காயவைக்கவில்லை. பூஞ்சை பிடித்துவிட்டது. திட்டினேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு, "அண்ணாச்சி, நீங்க வீட்டுக்குப் போங்க" என்றான்.

பிப்ரவரி 20, புதன்

கனகம் இன்றுதான் பேசினாள். நான் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன்.

"பிள்ளையத்தான் கொண்டு வரல. அந்தப் பாட்டையாவது கொண்டு வந்தியளா?"

"எந்தப் பாட்டு?"

"எந்தப் பாட்டா? நீங்க கேட்டு வாங்கினிய பாருங்க, அந்தப் பாட்டு. போன்ல பாதிதான் கேட்டுச்சு. எப்பிடிப் பாடுனாங்க?"

"வயலின் வாசிச்சாங்க. மேளம் இருந்துச்சு."

"எப்பிடின்னா, பாடிக் காட்டுங்க."

யோசித்துப் பார்த்தேன். அந்த ஊரில் அரிசி என்ன விலை என்று தெரியும். சாக்கில் எத்தனை இஞ்சுக்கு ஒரு தையல் போடுகிறார்கள் என்று தெரியும். கதவில் கீழ்க் கீல் புதுசு, மேல் கீல் பழசு. பாட்டு மட்டும் இல்லை. ஒரு வரி, ஒரு இழுப்பு, எதுவும் இல்லை. நடுவிலேதான் நின்றேன், என்னைச் சுற்றித்தான் பாடினார்கள்.

"ஞாபகம் இல்ல" என்றேன்.

"சாக்குக் கட்ட எண்ணச் சொன்னா ஞாபகம் இருக்கும்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

ஹிலாரி சாமிக்குப் போன் செய்து, யாராவது போனில் பதிவு செய்திருக்கிறார்களா என்று கேட்டேன். சாவுப் பாட்டை அந்த ஊரில் பதிவு செய்ய மாட்டார்களாம். நேரில் நின்றுதான் கேட்க வேண்டுமாம்.

பிப்ரவரி 24, ஞாயிறு

பூசைக்குப் போய்விட்டு வரும்போது ஆட்டோவில் சொன்னாள்.

"சிக்னல் போகல. நீங்கதான் கட் பண்ணிய."

ஆட்டோக்காரன் கண்ணாடியில் பார்த்தான். நான் ரோட்டைப் பார்த்தேன்.

பதின்மூன்றாம் தேதி சிக்னல் போய்விட்டது என்று எழுதியிருக்கிறேன். எழுதியது எழுதியதாகவே இருக்கட்டும்.

பிப்ரவரி 27, புதன்

சரக்கு வரவில்லை. எழுத ஒன்றும் இல்லை.

மார்ச் 2, சனி

மத்தியானம் சாப்பிட வந்தபோது மேசையில் கனகத்தின் ஆதார் அட்டை, ரேஷன் கார்டு, பள்ளிக்கூட சர்டிபிகேட் எல்லாம் வரிசையாக இருந்தன.

"என்னது?"

"எனக்கு பாஸ்போர்ட் எடுங்க."

"எதுக்கு?"

"எதுக்குன்னா கேக்கிய? நீங்க போய்க் கேட்டுட்டு வந்த லெச்சணம் போதும். நானே போய்க் கேக்கேன்."

மூன்று விமானம், அவள் முழங்கால், சர்க்கரை, அந்தச் சேற்று வழி எல்லாவற்றையும் எடுத்துச் சொன்னேன். மழைக்காலம் முடிந்தால்தான் பாதை சரியாகும் என்றேன். அவள் ரசத்தை ஊற்றினாள்.

"மழை முடியட்டும். அதுவரைக்கும் பாஸ்போர்ட் வராமலா போகும்?"

"அங்க யாருக்கும் தமிழ் தெரியாது. ஹிலாரி சாமியும் வேற ஊர்ல இருக்காரு."

"அந்த அரிசிக் கடைக்காரி இருக்கால்லா? நான் பேசிக்கிடுதேன்."

"என்ன பேசுவ?"

"நம்பர நான் சொல்லிக்கிடுதேன். நீங்க வாயத் தொறக்கப் புடாது."

சரி என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, வளன் அறையில் பூட்ஸை விட்டுவிட்டு வந்ததைச் சொன்னேன். கனமாக இருந்தது, அதனால் எடுக்கவில்லை என்றேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. அவள் கையில் கரண்டியோடு நின்று முழுதும் கேட்டாள். "மண்ணோடவா இருக்கு?" என்றாள். ஆமாம் என்றேன். இந்த ஒரு மாதத்தில் இன்றுதான் முதல் தடவையாகச் சாப்பாட்டில் மிச்சம் வைத்தேன்.

மார்ச் 4, திங்கள்

கடையை பொன்ராஜிடம் விட்டுவிட்டு, கனகத்தைக் கூட்டிக்கொண்டு ஸ்டூடியோவுக்குப் போனேன். முக்காட்டை எடுக்க வேண்டும், காது தெரிய வேண்டும், நேராகப் பார்க்க வேண்டும் என்றான் போட்டோக்காரன். எல்லாம் செய்தாள். அவள் சேலைக் கரை தோளில் சாய்ந்திருந்தது. நான் போய்ச் சரி செய்துவிட்டேன். தோளைக் காட்டினாள்.

"பாஸ்போர்ட் போட்டோவுக்குச் சிரிக்கக் கூடாதும்மா" என்றான்.

"அதுக்கென்ன" என்றாள் கனகம்.